வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர்

பட்டு நெசவுக்குப் பெயர் பெற்ற ஆரணி நகருக்கு அண்மையில் திருமலை என்னும் சிற்றூர் உண்டு. அவ்வூரின் பெயருக்குக் காரணமான குன்று, சமண சமயத்தார் பன்னூறு ஆண்டுகளாகப் போற்றி வரும் இடமாகும். குன்றின் மேல் நேமிநாதரின் உருவம் 16 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் பாறையிலேயே செதுக்கப்பட்டு நிற்கிறது. அடிவாரத்தில், முதலாம் இராசராச சோழனின் தமக்கையாராகிய குந்தவையாரின் பெயரால் எழுந்த சினாலயம் இருக்கிறது. முதலாம் இராசேந்திர சோழன் தன் படைகளைக் கொண்டு வென்ற நாடுகளையெல்லாம் வரிசைப்படுத்திக் கூறும் கல்வெட்டும் இக்குன்றிலேதான் பொறிக்கப்பட்டது. 1024ஆம் ஆண்டை ஒட்டி எழுந்த அக்கல்வெட்டு, வணிகர் ஒருவரின் மனைவியார் இக்கோயிலில் விளக்கெரிக்கப் பொற்காசு கொடுத்த செய்தியையும் நமக்குச் சொல்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஓர் இல்லத்தரசி அளித்த காசின் கணக்கு இன்றும் அழியவில்லை.

ஆனால், அந்நாளில் அம்மக்கள் பாடிய பாட்டு யாது? அதன் பண் எத்தகையது? கல் அதனைச் சொல்லவில்லை. தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் ஆடலும் பாடலும் நிகழ்த்த அமர்த்தப்பெற்ற நானூறு பெண்டிரின் பெயர்களை இராசராசன் கல்லில் வெட்டுவித்தான். அவர்கள் குடியிருந்த வீட்டு வரிசையும், அவர்கள் பெற்ற நெல்லின் அளவும் அக்கல்லில் உள்ளன. அவர்கள் பாடிய இசையோ காற்றோடு போயிற்று. சுரங்களைக் கல்லில் பொறித்துக் காட்டும் குடுமியான்மலைக் கல்வெட்டுப் போன்றவை மிக அரியன. பாட்டு, பாடுவோரின் மூச்சிலே பிறந்து கேட்போரின் செவியிலே முடிவது. ஒருவர் மற்றொருவருக்குச் சொல்லிக் கொடுத்தால் அது வாழும். சொல்லிக் கொடுக்க ஆளின்றிப் போனால் பாடியவரோடு மறையும். நம் நாட்டு இசைச்செல்வத்தில் எத்துணைப் பங்கு இவ்வாறு மறைந்தது என்பதை அளவிட இயலாது.

அவ்வாறு மறைந்து போகாமல் ஒரு பெரும் புலவரின் பாடல்களைக் காத்தவர்களுள் தலையாய ஒருவர், ஆரணிக்கு வடக்கே பாலாற்றுக்கு அப்பால் உள்ள வாலாஜாபேட்டையில் வாழ்ந்தார். அவர்தாம் வேங்கடரமண பாகவதர். அவர் காத்தவை திருவையாற்றுத் தியாகராசரின் கீர்த்தனங்கள்.

வேங்கடரமணர் 1781ஆம் ஆண்டு அரியலூரில் பிறந்தார். அவர் பிறந்த குலம் சௌராட்டிரர் குலம். அக்குலத்தாரின் முன்னோர் மேற்கே கத்தியவார்ப் பகுதியிலிருந்து புறப்பட்டு, தேவகிரி, விசயநகரம் முதலிய நாடுகளில் தங்கித் தங்கித் தெற்கே வந்தவர்கள் என்பது அவர்களுடைய மரபு வழிச் செய்தி. மதுரை, சேலம், கும்பகோணம், பரமக்குடி, ஆரணி, வாலாஜாபேட்டை என அவர்கள் குடியேறிய ஊர்களிலெல்லாம் பட்டுத்தறி ஒலித்தது. தமிழ்மக்கள் அவர்களைப் பட்டுநூல்காரர் என்றே அழைத்தனர். அவர்கள் வீட்டில் பேசுவது சௌராட்டிர மொழி. கடைத்தெருவில் பேசுவது தமிழ். நாயக்க மன்னர் காலத்துப் பழக்கத்தால் பலருக்குத் தெலுங்கும் கைவந்த மொழி. வேங்கடரமணர் இவற்றோடு வடமொழியும் கற்றார். தியாகராசரின் பாடல்கள் பெரும்பாலும் தெலுங்கிலும் சில வடமொழியிலும் அமைந்தவை ஆதலின், இம்மொழிப் பயிற்சி பிற்காலத்தில் அவருக்குப் பெருந்துணை ஆயிற்று.

அவருடைய குடும்பம் அரியலூரை விட்டுத் தஞ்சாவூரை அடுத்த அய்யம்பேட்டையில் வந்து தங்கியது. அங்கும் சௌராட்டிர நெசவாளர் மிகுதியாக வாழ்ந்தனர். அய்யம்பேட்டைக்கும் திருவையாற்றுக்கும் இடையே வயல்களும் வாய்க்கால்களும் காவிரியின் கிளையாறுகளும் கிடந்தன. ஆறேழு மைல் தொலைவுதான். ஆயினும், அந்நாளில் அது நடந்தே கடக்க வேண்டிய வழி.

அக்காலத்தில் திருவையாற்றின் தெரு ஒன்றில், சிறிய வீட்டில், தியாகராசர் வாழ்ந்து வந்தார். அவர் 1767இல் பிறந்தவர். எனவே வேங்கடரமணரைவிடப் பதினான்கு வயது மூத்தவர். தஞ்சையில் சரபோசி மன்னர் அரசிருந்த காலம் அது. அரண்மனையில் புலவர்க்கும் பாடகர்க்கும் குறைவிருக்கவில்லை. தியாகராசர் அவ்வரண்மனையை நாடாதவர். மன்னரைப் பாடிப் பொருள் பெற அவர் இசையவில்லை என்று மரபு கூறும். தெருவில் இராமபிரானின் நாமத்தைப் பாடிச் சென்று, இல்லத்தார் இட்ட அரிசியைப் பெற்றுவந்து, அதனைக் கொண்டே தாமும் உண்டு மாணவரையும் உண்பித்தார். உஞ்சவிருத்தி எனப்படும் அவ்வாழ்க்கை எளியதன்று. மழையிலும் வெயிலிலும் செம்பைத் தலையிலே சுமந்து பாடிச் செல்லும் அவருக்குப் பின்னே மாணவர்கள் பாடிக்கொண்டு செல்வர். அந்தத் தெருவே அவர்களுடைய பள்ளி.

அப்பள்ளியில் வந்து சேர்ந்தார் வேங்கடரமணர். சேர்ந்தவுடன் அவருக்குப் பாட்டுக் கிடைத்துவிடவில்லை. ஆசிரியரின் பூசைக்குத் துளசியும் மலரும் கொணர்வதே அவருக்கு முதலில் வாய்த்த பணி. அய்யம்பேட்டையில் விடியுமுன் எழுந்து, துளசி பறித்து, கூடையிலே இட்டு, ஆற்றங்கரை வழியே நடந்து வந்து, ஆசிரியரின் வீட்டுத் திண்ணையில் காத்திருப்பார். உள்ளே மூத்த மாணவர்கள் பாடம் கேட்பர். அவர் செவிமடுத்திருப்பார். பிறகு திரும்பி நடப்பார். இவ்வாறு நெடுநாள் கழிந்தது என்றும், துளசி கொணர்பவரின் விடாப்பற்றைக் கண்ட தியாகராசர் அவரையும் அருகழைத்துப் பாடஞ் சொல்லத் தொடங்கினார் என்றும் சொல்வர். கற்பனை கலந்த செய்திகள் பெரியோர் வரலாறுகளில் இடம்பெறுவது இயல்பு. எனினும், ஒன்றை மறுப்பதற்கில்லை. ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக் காலம் அவர் அந்த ஆசிரியரிடம் தொடர்ந்து பயின்றார் என்று அவர் வழியினர் கூறுகின்றனர். கற்கத் தொடங்கிய சில திங்களிலேயே மேடையேற விரும்புவோர்க்கு இது வியப்பாக இருக்கலாம்.

இங்கே மற்றொரு செய்தியையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். சௌராட்டிரர் வேதச் சடங்குகளைச் செய்யலாமா என்பதே ஒருகாலத்தில் வழக்காயிருந்தது. மதுரையில் இராணி மங்கம்மாள் ஆண்டபோது, 1705ஆம் ஆண்டில், அவ்வழக்கு அவருடைய அவைக்கு வந்து, சௌராட்டிரர்க்குச் சார்பான ஆணை பிறந்தது. அதன் பின்னும் ஐயுறவு முற்றும் நீங்கிவிடவில்லை. அத்தகைய காலத்தில், நெசவாளர் குலத்து இளைஞர் ஒருவரைத் தம் மாணவருள் முதன்மையானவராக ஏற்றுக்கொண்டார் தியாகராசர். வேங்கடரமணருக்கு அவர் கொடுத்த இடம், பிற மாணவர் எவருக்கும் கொடுத்த இடத்திற்குக் குறைந்ததன்று.

தியாகராசரின் பாடம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதை அறிந்தால்தான் வேங்கடரமணர் ஆற்றிய தொண்டின் அருமை விளங்கும். ஒரு கீர்த்தனம் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் உறுப்புகளை உடையது. பல்லவியின் ஓரடியை முதலில் எளிய உருவில் பாடுவர். மறுமுறை அதே அடியைச் சிறிது வளைத்துப் பாடுவர். அடுத்த முறை மேலும் ஒரு நெளிவு சேரும். ஓரடியே படிப்படியாக விரிந்து, மொட்டு மலர்வது போல, இராகத்தின் முழு வடிவையும் காட்டும். இப்படிகளுக்குச் சங்கதிகள் என்று பெயர். தம் பாடல்களில் சங்கதிகளை வரிசைப்பட அமைத்துக் காட்டியதில் தியாகராசருக்கு நிகர் அவரே. ஆனால், எளிதில் கெடக்கூடியவையும் சங்கதிகளே. சொல் மறந்தால் பொருள் காட்டிக்கொடுக்கும்; சங்கதி மறந்தால் எதுவும் காட்டிக்கொடுக்காது. மறந்தவர் தமக்குத் தெரிந்ததை இட்டு நிரப்புவர். அவரிடம் கற்றவர் அதனையே உண்மை என்று பாடுவர். இரண்டு தலைமுறை கழிந்தால் இயற்றியவர் யாது பாடினார் என்பதை யார் அறிவார்?

தியாகராசர் பாடல்களை இயற்றினாரேயன்றி, அவற்றையெல்லாம் தாமே தொகுத்து நூலாக்கி வைக்கும் முயற்சியில் ஈடுபடவில்லை. பூசையின் போது, உஞ்சவிருத்தியின் போது, ஏகாதசி இரவுகளில் நிகழும் பசனையின் போது, உள்ளம் நெகிழ்ந்த நேரத்தில் பாட்டுப் பிறக்கும். உடனிருந்த மாணவர்கள் அதனைப் பற்றிக்கொள்வர். எல்லா மாணவரும் எல்லா நாளும் உடனிருந்தனர் அல்லர். அவரவர் குரலுக்கும் அறிவுக்கும் ஏற்ப வெவ்வேறு பாடல்களை ஆசிரியர் சொல்லிக் கொடுத்தார் என்றும் கூறுவர். ஆகவே, அனைத்தையும் அறிந்த மாணவர் ஒருவர்கூட இருந்திருக்க முடியாது. ஒருவர் இறந்தால் அவரிடம் மட்டுமே இருந்த பாடல்கள் இறந்துபடும் நிலை அன்று இருந்தது.

வேங்கடரமணர் எழுதத் தொடங்கினார். பனையோலையிலும், பின்னர்த் தாளிலும், தெலுங்கு எழுத்தில் பாடல்களை வரைந்தார். ஓலையில் எழுதுவது உழைப்பு மிகுந்த வேலை. ஓலையை வேகவைத்து, உலர்த்தி, மெருகிட்டு, ஒரே அளவாக நறுக்கிக்கொள்ள வேண்டும். இடக்கையில் ஓலையைப் பிடித்து, கட்டைவிரலை அணைகொடுத்து, எழுத்தாணியால் கீற வேண்டும். சிறிது அழுத்தினால் ஓலை கிழியும். அழுத்தாவிட்டால் எழுத்துப் பதியாது. எழுதிய பின் விளக்குக் கரியைத் தடவித் துடைத்தால்தான் எழுத்துக் கண்ணுக்குப் புலனாகும். அதன் பிறகும் கரையானும் ஈரமும் காத்திருக்கும். எனவே, ஓலைச்சுவடியைத் தலைமுறைக்கு ஒருமுறை படியெடுக்காவிட்டால் அது நிலைபெறாது.

சொற்களை எழுதியதோடு அவர் நிற்கவில்லை. வேங்கடரமணரும் அவர் வழிவந்தோரும் பாட்டின் நடையைச் சுரக் குறிப்பாகவும் எழுதி வைத்தனர். ச, ரி, க, ம, ப, த, நி என்னும் ஏழு எழுத்துகளைக் கொண்டு, எந்தச் சொல் எந்தச் சுரத்தில் நிற்கிறது என்று குறிப்பது அம்முறை. அக்குறிப்பு முழுமையானது என்று கூற முடியாது. சுரத்தை அசைத்தும் வழுக்கியும் பாடும் கமகத்தை எழுத்து முழுவதும் பிடித்து வைப்பதில்லை. எழுத்தில் அகப்படுவது பாட்டின் எலும்பு. தசையும் உயிரும் வாய்வழிப் பாடத்தால் வருபவை. ஆயினும், எலும்பு இருந்தால் உருவம் இன்னதென்று அறியலாம். அதுவும் இல்லாமல் போன பாடல்கள் பெயரளவில்கூட எஞ்சவில்லை.

நடுவயதில் வேங்கடரமணர் வடக்கே வாலாஜாபேட்டைக்குக் குடிபெயர்ந்தார். ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய ஊர் அது. ஆர்க்காடு அரசியற் சிறப்பை இழந்த பின்னரும் வாலாஜாபேட்டையின் வாணிகம் செழித்திருந்தது. கடற்கரைப் பட்டினங்களுக்கும் மைசூர் மேட்டுநிலத்திற்கும் இடையே சென்ற வண்டிகளெல்லாம் அவ்வூரைத் தொட்டே சென்றன. துணியும் சாயமும் தானியமும் கைமாறின. தென்னிந்தியாவின் முதல் புகைவண்டி 1856ஆம் ஆண்டு சென்னை இராயபுரத்திலிருந்து புறப்பட்டு வந்து சேர்ந்தது வாலாஜாபேட்டைக்கான நிலையத்திற்கே. இன்றைய தமிழ்நாட்டு எல்லைக்குள் முதலில் நகராட்சியாக அமைந்த ஊரும் அதுவே. அஃது அமைந்த ஆண்டு 1866. இவ்விரு நிகழ்ச்சிகளும் பாகவதரின் முதுமைக் காலத்தில் நிகழ்ந்தவை. நடந்தும் மாட்டு வண்டியிலும் சென்று பாட்டுக் கற்றவர், தம் ஊரருகே புகைவண்டி வந்து நின்றதையும் காணும் அளவிற்கு நீண்ட நாள் வாழ்ந்தார்.

வாலாஜாபேட்டை நெசவாளர் நடுவே அவருடைய வீடு பசனைக் கூடமாகவும் இசைப்பள்ளியாகவும் விளங்கிற்று. பகலெல்லாம் தறிக்குழியில் காலூன்றிப் பாவுக்கிடையே நாடாவைச் செலுத்தியவர்கள், மாலையில் அங்கே கூடித் தியாகராசரின் பாடல்களைப் பாடினர். திருவையாற்றிலிருந்து நெடுந்தொலைவில் தியாகராசர் இசைக்கு ஓர் ஊர் உண்டாயிற்று.

பிரிந்து வந்தாலும் ஆசிரியரோடு இருந்த தொடர்பு அறவில்லை. தியாகராசருக்கு ஒரே மகள். சீதாலட்சுமி என்பது பெயர். அம்மகளின் திருமணத்திற்கு வேங்கடரமணர் சென்ற செய்தி இசையுலகில் பெரிதும் வழங்குவது. வளம் மிக்க மாணவர்கள் பலர் பொருளும் அணியும் கொணர்ந்தனராம். வேங்கடரமணர் கொணர்ந்தது இராமபிரானின் திருவுருவப் படம். வாலாஜாபேட்டையிலிருந்து திருவையாறு 150 மைலுக்குக் குறையாத வழி. அவ்வழி முழுவதும் அவர் அப்படத்தைச் சுமந்து நடந்தே வந்தார் என்பர். வாயிலில் நின்ற மாணவரையும் அவர் கையிலிருந்த படத்தையும் கண்ட தியாகராசர், தம்மைக் காக்க இராமபிரானே கால்நடையாக நடந்து வந்தாரோ என்று உருகி, மோகன இராகத்தில் ஒரு கீர்த்தனம் பாடினார் என்பது வரலாறு. நன்னு பாலிம்ப என்று தொடங்கும் அக்கீர்த்தனம் இன்றும் கச்சேரிகளில் பாடப்படுகிறது. அதனைக் கேட்கும் இசையன்பர், நடந்து வந்த கடவுளோடு நடந்து வந்த மாணவரையும் நினைவுகூர்வர்.

மாணவர் ஆசிரியரைக் காண நடந்தது போக, ஆசிரியரும் மாணவரின் ஊருக்கு எழுந்தருளிய நாள் ஒன்று வந்தது. முதுமையில் தியாகராசர் காஞ்சிபுரம், திருப்பதி, சென்னையை அடுத்த கோவூர், திருவொற்றியூர் முதலிய ஊர்களுக்குப் பயணம் செய்தார். திருவையாற்றை விட்டு அவர் மேற்கொண்ட பயணங்கள் மிகச் சில. அப்பயணத்தில் வாலாஜாபேட்டையிலும் தங்கினார். தறிகள் நின்றன, தெருக்கள் கோலம் பூண்டன. பல்லாண்டுகளாகப் பாடலால் மட்டும் அறிந்திருந்த பெரியவரை ஊர்மக்கள் நேரிற் கண்டனர்.

அப்போது வேங்கடரமணரிடம் பயின்று கொண்டிருந்த மாணவருள் சதாசிவராவ் என்பவர் ஒருவர். தம் ஆசிரியருக்கு ஆசிரியராகிய தியாகராசர் வருவதை முன்னிட்டு, அவருடைய வருகையைச் சிறப்பித்துத் தோடி இராகத்தில் தாமே ஒரு கீர்த்தனம் இயற்றிப் பாடினார் அவர். பெரியவர் முன்னிலையில் சொந்தப் பாட்டைப் பாடுவதற்கு எத்துணைத் துணிவு வேண்டும்! இச்சதாசிவராவே பின்னாளில் மைசூர் அரண்மனையில் மும்மடிக் கிருட்டிணராச உடையாரின் அவைப்புலவராய் அமர்ந்து மைசூர்ச் சதாசிவராவ் எனப் புகழ்பெற்றார். வீணைச் சேஷண்ணா, வீணைச் சுப்பண்ணா ஆகிய பெருங்கலைஞர்கள் அவரிடம் பயின்றவர்கள். ஆகவே, மைசூர் நாட்டிலே தியாகராசரின் இசை வேரூன்றியதற்கு வாலாஜாபேட்டைத் திண்ணையே வாயிலாயிற்று.

1847ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 6ஆம் நாள் தியாகராசர் மறைந்தார். அவர் மறைந்த பின் அவருடைய இசை மூன்று பெருங்கிளைகளாகப் பிரிந்து வளர்ந்தது. தில்லைத்தானத்து இராம ஐயங்கார் வழி ஒன்று. உமையாள்புரத்துக் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் வளர்த்த வழி மற்றொன்று. மூன்றாவது வாலாஜாபேட்டை வழி. ஒரே கீர்த்தனம் இம்மூன்று வழிகளிலும் சிற்சில வேறுபாடுகளோடு பாடப்படுவதுண்டு. எது மூலம் என்று இசைவாணர்கள் வாதிடுவர். அவ்வாதத்தில் வாலாஜாபேட்டையாருக்கு ஒரு தனி வலிமை இருந்தது. அவர்களிடம் ஏடு இருந்தது.

இப்போது வேங்கடரமணருக்கு வயது அறுபத்தாறு. ஆசிரியர் இல்லை. உடன் பயின்றோர் பல ஊர்களில் சிதறி வாழ்ந்தனர். இந்நிலையில் ஏடுகளைக் காக்கும் பொறுப்பில் அவருக்குத் துணை நின்றவர் அவருடைய மகனார் கிருஷ்ணசாமி பாகவதர். மகனையும் இளமையிலேயே திருவையாற்றுக்கு அனுப்பித் தியாகராசரிடமே நேரில் பாடங் கேட்கச் செய்திருந்தார் வேங்கடரமணர். இதில் அவருடைய முன்னறிவு தெரிகிறது. தாம் கற்றதை மகனுக்குத் தாமே கற்பித்திருக்கலாம். ஊற்று வற்றுமுன் ஊற்றிலேயே நீர் முகந்து வரட்டும் என்று அனுப்பினார் போலும். தந்தையின் செவியும் மகனின் செவியும் ஒரே குரலைக் கேட்டவை ஆதலின், ஒருவர் எழுதியதை மற்றவர் ஒப்புநோக்க முடிந்தது.

தனிக் கீர்த்தனங்களைத் தவிர, தியாகராசர் இயற்றிய இசை நாடகங்களாகிய பிரகலாத பக்தி விசயமும் நௌகா சரித்திரமும் இவர்கள் வழியாகப் பேணப்பட்டன. பிரகலாத பக்தி விசயம் ஐந்து அங்கங்களை உடைய பெருநூல். பாட்டும் செய்யுளும் உரையும் விரவிய அத்தகைய நூலை நினைவில் மட்டும் வைத்துக் காப்பது அரிது. ஏட்டில் எழுதினாலன்றிச் சிதைந்திருக்கும்.

தியாகராசரின் வாழ்க்கை வரலாற்றை முதன்முதலில் எழுதியவரும் வேங்கடரமணரே. அது மிகச் சுருக்கமானது. கண்டதையும் நேரில் கேட்டதையும் அவர் அளவோடு குறித்தார். அவருடைய மகனார் எழுதிய வரலாறு அதனினும் விரிந்தது. அவர்கள் மரபில் வந்த இராமசாமி பாகவதர் 1935ஆம் ஆண்டு தெலுங்கில் வெளியிட்ட வரலாறோ பெருநூலாகி, அற்புத நிகழ்ச்சிகள் பலவற்றைக் கொண்டு விளங்கிற்று. ஒரு குடும்பத்தார் எழுதிய இம்மூன்றையும் ஒப்பிட்டால், பெரியோரைப் பற்றிய கதைகள் தலைமுறைக்குத் தலைமுறை எவ்வாறு வளர்கின்றன என்பது தெளிவாகும். வரலாற்றை ஆராய்வோர் முதலில் நாடுவது சுருக்கமான அப்பழைய குறிப்பையே. ஆசிரியரை உயிரினும் மேலாகப் போற்றிய ஒருவர், அவரைப் பற்றி எழுதும்போது மிகைபடக் கூறாமல் அடங்கி எழுதியது வியக்கத்தக்கது.

அவருடைய பற்று முழுவதும் வடமொழியில் வெளிப்பட்டது. ஆசிரியரைப் போற்றிக் குருமங்களாட்டகம் முதலிய துதிகளை அவர் இயற்றினார். வேத அறிவில் வியாசர், கவித்திறத்தில் வால்மீகி, பற்றறுத்த நிலையில் சுகர், பத்தியில் பிரகலாதர், இசையில் நாரதர் எனத் தியாகராசரைப் பழம்பெரியோர் பலரோடும் ஒப்பிடும் தியான சுலோகமும் அவர் பாடியதாகவே வழங்குகிறது. அவர் தாமும் கீர்த்தனங்கள் இயற்றினார். தெலுங்கிலும் வடமொழியிலும் மட்டுமன்றித் தம் வீட்டு மொழியாகிய சௌராட்டிரத்திலும் பாடினார். எழுத்து வழக்கில் பெரிதும் பயிலாத ஒரு மொழியில், தறிமேடையருகே மகளிரும் சிறுவரும் பேசிய மொழியில், கீர்த்தனம் பாடலாம் என்று அவர் துணிந்தது தனியே எண்ணத்தக்கது. ஆயினும், தம் பாடல்களைப் பரப்புவதில் அவர் கருத்துச் செலுத்தியதாகத் தெரியவில்லை. அவருடைய காலமும் கையும் ஆசிரியரின் பாடல்களுக்கே செலவாயின. அவர் பெயரை அறிந்தோருள்ளும் அவருடைய பாடலைக் கேட்டோர் சிலரே.

முதுமை அவரைத் தளர்த்தியதேயன்றித் தடுக்கவில்லை. மாணவர்க்குப் பாடஞ் சொல்வதும் பசனை நடத்துவதும் தொடர்ந்தன. 1874ஆம் ஆண்டு, தம் 93ஆம் வயதில், வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர் இயற்கை எய்தினார்.

அவருக்குப் பின் ஏடுகளின் நிலை யாதாயிற்று? வாலாஜாபேட்டையின் வாணிகம் மெல்ல மெல்லக் குறைந்தது. புகைவண்டி முதலில் ஊருக்கு வளம் கொணர்வது போலத் தோன்றினாலும், பாதை மேலும் நீண்டவுடன் சரக்குகள் ஊரைக் கடந்து நேரே செல்லத் தொடங்கின. நெசவாளர் பலர் வேறு ஊர்களை நாடினர். பழைய வீடுகளின் பரண்களில் கிடந்த எத்தனையோ சுவடிகள் அந்நாளில் தமிழகமெங்கும் கரையானுக்கு இரையாயின; ஆடிப்பெருக்கின்போது ஆற்றில் விடப்பட்டவையும் உண்டு. பாகவதர் குடும்பத்தார் தம் ஏடுகளை அவ்வாறு விடவில்லை. மகனும் மகன் வழியினரும் அவற்றைப் போற்றினர், படியெடுத்தனர், கேட்டு வந்த அறிஞர்க்குக் காட்டினர். இருபதாம் நூற்றாண்டில் பேராசிரியர் சாம்பமூர்த்தி முதலிய இசையாராய்ச்சியாளர்கள் தியாகராசரைப் பற்றி எழுதப் புகுந்தபோது, வாலாஜாபேட்டைச் சுவடிகள் அவர்களுக்குத் தலைசிறந்த சான்றாயின.

இன்று தியாகராசரின் கீர்த்தனங்களாகக் கிடைப்பவை ஏறத்தாழ 700. அவர் பாடியவை பல்லாயிரம் என்று கதைகள் கூறும். அவ்வெண்ணை நம்புவதற்குச் சான்றில்லை. எனினும், மறைந்தவை பல என்பதில் ஐயமில்லை. கிடைத்தவற்றுள் ஒரு பெரும்பகுதி மூன்று மாணவர் வழிகளின் வாயிலாகவே நம்மை வந்தடைந்தது. அவற்றுள் ஏட்டை மிகுதியாகக் காத்த வழி நெசவாளர் தெருவில் வளர்ந்த வாலாஜாபேட்டை வழியே ஆகும்.

அவ்வேடுகள் பின்னர் வாலாஜாபேட்டையை விட்டு மதுரைக்குச் சென்றன. சௌராட்டிர மக்கள் பெருந்தொகையாக வாழும் அந்நகரில், அவர்களுடைய சபையார் அவற்றைப் பெற்றுப் பேணினர். எழுத்தாணியால் கீறிய ஓலைகளும், மைக்கோலால் எழுதிப் பழுப்பேறிய தாள்களும் அங்கே பாதுகாக்கப்பட்டன. பாட்டின் பெயர், அதன் இராகம், தாளம், அடியடியாகச் சொற்கள், சொற்களோடு சுரங்கள் என அவ்வேடுகளில் வரிகள் நெருக்கமாகச் செல்கின்றன.